வலது கணுக்காலில் ஒரு காப்பு

ஜெர்மனியில் பேஸ்பால் ஆடிப் பிழைக்கிற தமிழன் தன் மகன் ஒருவன்தான் என்று அம்மா சொல்லுவார். பெருமையாக அல்ல, கூரை ஒழுகுவதைச் சொல்லுகிற குரலில் சொல்லுவார். பதினாறு ஆண்டுகளில் எட்டுக் கழகங்களுக்கு ஆடினேன். ஒவ்வொன்றும் வசந்த காலத்தில் என்னைக் கூப்பிடும், இரண்டொரு வருடம் கழித்து இலை உதிரும்போது கைகுலுக்கி அனுப்பிவிடும். நான் அவ்வளவு மோசமான ஆட்டக்காரன் அல்ல. அவ்வளவு நல்ல ஆட்டக்காரனும் அல்ல. தோள்மூட்டு விலகிய ஒருவனுக்குப் பதிலாக, காதலியோடு ஸ்பெயினுக்குப் போய்விட்ட இன்னொருவனுக்குப் பதிலாக, வருவதாகச் சொல்லி வராமலே விட்ட மூன்றாமவனுக்குப் பதிலாக என்று, மற்றவர்களின் சட்டைக்குள்ளேயே என் காலம் போனது. ஒரு கழகத்தில் சட்டையின் முதுகில் இருந்த பெயரைக்கூட மாற்றவில்லை. அந்தக் கோடை முழுக்க நான் ஒரு கனடாக்காரனாகப் பந்தெறிந்தேன்.

இதைத் தொழில் என்று சொன்னால் அமெரிக்காவில் சிரிப்பார்கள். இங்கே கழகம் உங்களுக்கு ஒரு அறையும், கதவு ஒருபக்கம் திறக்காத ஒரு காரும், பகலில் செய்ய ஒரு வேலையும் பிடித்துத் தரும். நான் வெள்ளரிக்காய் ஊறுகாய் போத்தல்களுக்கு மூடி போட்டிருக்கிறேன். ஹம்பேர்க்கில் பணக்காரர்களின் படகுகளுக்கு அடிவயிறு சுரண்டியிருக்கிறேன். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் உங்கள் பெட்டி ஒருநாள் உடைந்து வந்திருந்தால், அது நானாக இருக்கவும் கூடும். சனி ஞாயிறு வந்தால் மட்டும் நான் மனிதன். ஒரு சின்ன மண்மேட்டில் ஏறி நிற்பேன். எதிரே தடியோடு ஒருவன் நிற்பான். அவன் அடிக்க முடியாதபடி எறியவேண்டும், ஆனால் அடிக்கக்கூடிய இடத்தில் எறியவேண்டும். மூன்று தரம் அவனை ஏமாற்றினால் அவன் போய்விடுவான். நாலு தரம் நான் பிழையாக எறிந்தால் அவன் நோகாமல் நடந்துபோய் முதல் தளத்தில் நின்று எனக்குப் பல்லைக் காட்டுவான். இவ்வளவுதான் விளையாட்டு. மீதி எல்லாம் சூரியகாந்தி விதை கொறித்துத் துப்புவது.

அம்மாவும் அப்பாவும் இருக்கிற பீலெஃபெல்டில், எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளில் இதை விளக்குவதற்குள் எனக்குச் சோறு ஆறிவிடும்.

“தம்பி என்ன செய்யிறீர்?”

“பந்தெறியிறன், அண்ணை.”

“அது சரி. வேலை என்ன?”

யாராவது ஒருவர் என் கைபேசியில் நான் எறிகிற படத்தைப் பார்ப்பார். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த கண் அல்லவா. இரண்டு விநாடியில் தீர்ப்பு வந்துவிடும். “தம்பி, உமக்கு முழங்கை மடங்குது. உது நோ பால்.” இந்த விளையாட்டில் முழங்கை மடங்கத்தான் வேண்டும் என்று நான் சொன்னால், தன் களவுக்கு நியாயம் சொல்லுகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். பதினாறு வருடமாக நான் எறிந்த அத்தனை பந்தும் எங்கள் சமூகத்தின் கணக்கில் நோ பால்தான்.

இனி காப்புக்கு வருகிறேன். அம்மா ஒவ்வொரு வருடமும் கேதாரகௌரி விரதம் பிடிப்பார். இருபத்தொரு நாள், ஒருநேரச் சாப்பாடு. முடிவில் கோயிலில் வாங்கிய காப்பு நூலைக் கொண்டுவந்து என் வலது மணிக்கட்டில் கட்டிவிடுவார். ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது. அடுத்த வருடம் புதுக்காப்பு கட்டும்வரை கழற்றக்கூடாது. “உனக்காகத்தான் பிடிக்கிறன்” என்பார். என்ன கேட்டுப் பிடிக்கிறார் என்று நான் கேட்டதில்லை. என் கை முறியக்கூடாது என்றுதான் கேட்பார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். வேறு என்ன கேட்பார்?

வலது கைதான் நான் எறிகிற கையும். முதல் சில வருடங்கள் கீழ்ப் பிரிவுகளில் ஆடியதால் ஒருவரும் கவனிக்கவில்லை. ஹம்பேர்க்கில், நாலாவது கழகத்தில், முதல் பிரிவுக்கு வந்தபோது ஒரு நடுவரிடம் மாட்டினேன். வார நாட்களில் சாரதிப் பரீட்சை எடுப்பது அவருடைய உத்தியோகம். முகமும் அதே முகம்: நீ இன்னும் பிழை விடவில்லை, ஆனால் விடுவாய், நான் காத்திருக்கிறேன். அவர் மண்மேடுவரை நடந்து வந்து என் மணிக்கட்டைச் சுட்டிக்காட்டினார். எறிபவன் கையில் எதுவும் இருக்கக்கூடாது, அடிப்பவனின் கண்ணை அது குழப்பும், வெட்டு என்றார். இது கடவுள் விஷயம் என்றேன். விதிப்புத்தகத்தில் கடவுளுக்கு விதிவிலக்கு இல்லை என்றார். கத்தரிக்கோலையும் அவரே நீட்டினார். அந்த மனிதர் கத்தரிக்கோலோடு ஆட்டத்துக்கு வருகிறார்!

வெட்டினால் அம்மா என்னை வெட்டுவார். அதனால் குந்தியிருந்து, பல்லால் முடிச்சை அவிழ்த்து, வேறு இடம் தோன்றாமல் வலது கணுக்காலில் கட்டி, சொக்ஸை மேலே இழுத்துவிட்டேன். காலில் சாமி நூல். கன்னத்தில் இரண்டு தரம் போட்டுக்கொண்டேன். அது அடிப்பவனுக்கு நான் காட்டும் ஏதோ சைகை என்று நடுவர் அதற்கும் ஒரு தரம் எச்சரித்தார்.

அன்றைக்கு நான் எறிந்ததைப்போல என் வாழ்நாளில் எறிந்ததில்லை. பதினொரு பேரை ஏமாற்றி அனுப்பினேன். அடுத்த கிழமை பக்தி திரும்பிவந்து, காப்பைச் சட்டைக்குள்ளே மேல்கையில் மரியாதையாகக் கட்டிக்கொண்டு இறங்கினேன். என்னைப் போட்டு வெளுத்து வாங்கினார்கள். அதற்கடுத்த கிழமை திரும்பக் கணுக்கால், திரும்ப வெற்றி. பந்தெறிகிறவர்களிடம் மூடநம்பிக்கை பற்றி நியாயம் பேசி வேலை இல்லை. ஒருவன் கோடை முழுக்க ஒரே உள்ளாடையைத் தோய்க்காமல் போட்டதை என் மூக்காலேயே அறிவேன். அந்தக் கூட்டத்தில் நான் சுத்தமான ஆள்.

அப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது. பீலெஃபெல்டுக்கு வரும்போதெல்லாம் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் இடத்தில் இருக்கிற பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்தி, காலைத் தூக்கி முன்பலகையில் வைத்து, காப்பை அவிழ்த்துக் கையில் கட்டுவேன். திரும்பும்போது அதே இடத்தில் கையிலிருந்து காலுக்கு. கடைக்காரப் பெண் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். வீட்டில் அம்மா என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகிவிடுவார். கோயிலில் மற்ற அக்காமாரிடம், “உந்தக் காப்பாலைதான் என்ரை பிள்ளையின்ரை கை இன்னும் கையா இருக்கு” என்று சொல்லுவார். ஒரு அக்கா தன் மகனின் தோள் நோவுக்கு அதே நேர்த்தியை வைத்தார் என்று கேள்வி. அவனுக்கு எந்த இடத்தில் கட்டவேண்டும் என்பதை நான் எப்படிச் சொல்லுவேன்?

கடைசி வருடம் பிராங்பேர்ட் பக்கத்துக் கழகம் ஒன்றில் இருந்தேன். எட்டாவது. எனக்கு வயது முப்பத்தாறு, என் முழங்கைக்கு அறுபது. புரட்டாதிக் காற்று தொடங்கியபோது, முதல் பிரிவில் நிற்பதா கீழே போவதா என்பதை ஒரே ஒரு ஆட்டம் முடிவுசெய்யும் நிலைக்கு எங்கள் அணி வந்துவிட்டது. பயிற்றுநர், பல வருடத்துக்கு முன் இராணுவத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு அமெரிக்கர், என்னைக் கூப்பிட்டு நேரே சொன்னார்: நீதான் எறிகிறாய். வென்றால் இன்னொரு வருடம் உனக்கு இடம் உண்டு. தோற்றால் கீழே போகிற அணிக்கு உன் வயதில் ஒருவன் தேவையில்லை. எனக்கும் தெரியும், ஒன்பதாவது கழகம் என்று ஒன்று இனி வராது. இதை விட்டால் நான் வெள்ளரிக்காய் மூடி போடத் தெரிந்த ஒருவன், அவ்வளவுதான்.

ஆட்டம் எதிரணியின் ஊரில். அது பீலெஃபெல்டிலிருந்து அரை மணித்தியாலம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை அம்மாவிடம் தொலைபேசியில் உளறிவிட்டேன்.

“அப்ப நாங்களும் வாறம்” என்றார் அம்மா.

“உங்களுக்கு விளங்காதம்மா. மூண்டு மணித்தியாலம் குளிருக்கை இருக்கோணும்.”

“பதினாறு வருசமா நீ என்னத்தைத்தான் கிழிக்கிறாய் எண்டு ஒருக்காப் பாக்கவேணும். நீ தோத்தா அடுத்த நாளே அவுஸ்பில்டுங்குக்கு அன்ட்ராக் போடுறாய். சரியோ?”

சரி என்றேன். தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கிற வயதா எனக்கு என்று நினைத்தேனே ஒழிய, மணிக்கட்டைப் பற்றி நினைக்கவில்லை. மொக்கன். ஒன்பது வருடம் பெற்றோல் நிலையத்தில் காலைத் தூக்கிய எனக்கு அந்த ஒரு விஷயம் மூளைக்குள் வரவில்லை.

மண்மேட்டில் ஏறிக் கையைச் சுழற்றிய பிறகுதான் வந்தது. அம்மா முதல் வரிசையில், கம்பளிப் போர்வைக்குள், மடியில் பொரித்த ரோல்ஸ் நிறைந்த வாளியோடு இருந்தார். பக்கத்தில் அப்பா. தடிக்குப் பின்னால் நடுவர். யார் என்று நினைக்கிறீர்கள்? கத்தரிக்கோல்காரரேதான்.

“டேய், காப்பு எங்கையடா?”

மைதானம் முழுக்கக் கேட்டது. விளங்கியது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும். அப்பா வானத்தைப் பார்த்தார். முதல் ஆளுக்கு நாலு பந்தையும் பிழையாக எறிந்து அவனை நடக்கவிட்டேன். எப்படியோ அந்தச் சுற்றை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சட்டைக்குள்ளையம்மா. மேல்கையிலை. கையிலை போட இவை விடமாட்டினம்.”

“உண்மையோ?”

“அம்மாளாணை” என்றேன். காலில் நூல் சுட்டது.

அரைமனதோடு போய் இருந்தார். அதன்பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். நாலாவது சுற்றில் எதிரணி எறிபவனைச் சுட்டிக்காட்டி, “உவன் கையை மடக்கி எறியிறான்! கள்ளன்! நோ பால்!” என்று கத்தினார். நானும் அப்படித்தான் எறிகிறேன் என்று அப்பா மெதுவாகச் சொல்லியிருக்கிறார். “என்ரை பிள்ளையின்ரை மடங்கல் வேற” என்று பதில் வந்ததாம். ஆறாவது சுற்றில் பக்கத்தில் இருந்த எதிரணி ஆட்களுக்கு ரோல்ஸ் கொடுத்துக்கொண்டு, அவர்களுடைய அடிப்பவன் ஏமாந்தால் அவர்களுக்கு முன்னாலேயே கைதட்டினார். அவர்கள் உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே அடுத்த ரோல்ஸுக்குக் கை நீட்டினார்கள்.

கடைசிச் சுற்று. நாங்கள் ஒரே ஒரு ஓட்டத்தால் முன்னால். இரண்டு பேரை அனுப்பிவிட்டேன், இன்னும் ஒருவன்தான் பாக்கி. முதல் தளத்தில் அவர்களுடைய ஓட்டக்காரன் ஒருவன். நான் எறிந்த பந்தை அடித்தவன் அதைச் சுடச்சுட எனக்கே திருப்பி அனுப்பினான். விலக நேரமில்லை. வலது கணுக்காலில் பட்டு பந்து எங்கேயோ உருண்டது. நான் மண்ணில் விழுந்தேன். அடித்தவனும் தளத்தை எட்டிவிட்டான். இப்போது ஓட்டக்காரர்கள் இரண்டு பேர்.

பயிற்றுநர் ஓடிவந்து சொக்ஸைக் கீழே உருட்டினார். “இது என்ன?” என்றார். பழசாகி மண்நிறத்துக்கு வந்திருந்த காப்பு, வீங்கிய கணுக்காலைச் சுற்றி இறுகிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அம்மா. வேலி வாசலை எப்படித் திறந்தார், யார் விட்டது, ஒன்றும் தெரியாது.

“காலிலையோ! அட பாவி, காலிலையோ கட்டினனீ!”

என்ன சொல்லுகிறார் என்று நடுவர் கேட்டார். எனக்கு நோகிறதா என்று கேட்கிறார் என்றேன்.

“எத்தினை நாளா?”

“ஒன்பது வருசம்” என்றேன். பொய் சொல்ல இனித் தெம்பில்லை.

அம்மா அப்படியே மண்ணில் குந்திவிட்டார். கோபத்தில் அடிப்பார் என்று நினைத்தேன். தலையில் கையை வைத்துக்கொண்டு, பிறகு சிரிக்கிறமாதிரி ஒரு முகத்தோடு சொன்னார். “அதுதான் பலிக்கேல்லை. ஒன்பது வருசமா நான் என்ன கேட்டுப் பட்டினி கிடந்தனான் எண்டு தெரியுமோ உனக்கு? உந்த விளையாட்டை விட்டிட்டு, என்ரை பிள்ளை ஒரு ஊரிலை ஒரு இடத்திலை இருக்கவேணும் எண்டு. நீ அதைக் கொண்டுபோய்க் காலிலை கட்டினா? கால் ஊர் ஊராத்தானேடா திரியும்!”

ஹம்பேர்க், மியூனிக் பக்கம், ஏதோ ஒரு எல்லைக் கிராமம், பிராங்பேர்ட் என்று அந்த ஒன்பது வருடமும் நான் ஆடித் திரிந்த ஊர் எல்லாம் அந்தக் கணத்தில் எனக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றன. சிரிப்பு வந்தது. என் கைக்காக என்று நான் நம்பிக்கொண்டிருந்த நூல் என் கைக்கு எதிராகக் கட்டிய நூல்.

அம்மா முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். நடுவர் குறுக்கிட்டு, காலில் இருந்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை, கையில்தான் கூடாது என்றார். அதை அம்மாவுக்குச் சொன்னேன்.

“காலிலை இருந்தா அம்மாளுக்கு ஆட்சேபம் எண்டு அவருக்குச் சொல்லு.”

அதை நடுவருக்குச் சொன்னேன். அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தரமாக விதிப்புத்தகம் இல்லாத இடத்துக்கு வந்து நின்றார். அம்மா காப்பை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய் இருந்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் காப்பில்லாத காலோடு மண்மேட்டில் நின்றேன்.

இரண்டு பந்து நன்றாகப் போயின. அடுத்துத் தடியோடு வந்தவனை இரண்டு தரமும் ஏமாற்றினேன். இன்னும் ஒன்று. ஒரே ஒரு பந்து. என் வளைபந்தைத் தேர்ந்தேன். வலது காலால் மண்ணை உந்தித்தான் அது வளையவேண்டும். அது வளையவில்லை. கால் நோவு என்பேன், வயது என்பேன், அம்மாளையோ அம்மாவையோ சொல்லமாட்டேன். அவன் அடித்த அடி வேலிக்கு மேலால், கார்த் தரிப்பிடம்வரை போய் எங்கள் அப்பாவின் காருக்குப் பக்கத்தில் விழுந்தது. தளங்களில் நின்ற இருவரும் அடித்தவனுமாக மூன்று பேர் ஓடி முடித்தார்கள், நாங்கள் தோற்றோம். ஆட்டம் முடிந்தது. நானும் முடிந்தேன்.

எல்லாரும் கத்திக் குதிக்கிற அந்தச் சத்தத்துக்குள் ஒரு குரல் தனியாகக் கேட்டது. “நோ பால்! நோ பால்! அது நோ பால்! திருப்பி எறியச் சொல்லுங்கோ!” அம்மா வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கண்ணீர். ஒன்பது வருடம் பட்டினி கிடந்து கேட்டது அந்த நிமிடம்தான் கிடைத்திருக்கிறது. எனக்கும் அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

திரும்பும் வழியில், அந்தப் பெற்றோல் நிலையம் தாண்டும்போது அப்பா, “எனக்கு அஞ்சு வருசமாத் தெரியும். குளிக்கேக்கை காலிலை அடையாளம் பாத்தனான்” என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அம்மா வீட்டில் என் பழைய அறைக்குத் திரும்பிவந்து, காதுக் கருவி பொருத்துகிற தொழிலுக்கு அவுஸ்பில்டுங் கேட்டு அன்ட்ராக் நிரப்பினேன். ஒரே கதிரை, ஒரே தெரு, ஒரே ஊர். ஆனால் நான் எதிர்பார்த்ததுபோல அம்மா சந்தோஷமாக இல்லை. வீட்டுக்குள் நான் சும்மா சுவரில் பந்தைத் தட்டிப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு சமையலறை வாசலில் நிற்பார். பிறகு உள்ளே போவார். விரதம் தொடங்கியபோது வழக்கம்போலப் பட்டினி கிடந்தார்.

பத்தொன்பதாம் நாளோ என்னவோ, ஹம்பேர்க்கிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. இரண்டாம் பிரிவுக் கழகம். எறிகிறவன் ஒருவன் வரமாட்டேன் என்றுவிட்டானாம், ஒரு வருடத்துக்கு வருவாயா என்றார்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யோசித்துத் திங்கட்கிழமை சொல்லுகிறேன் என்று மெதுவாகத்தான் சொன்னேன். எங்கள் வீட்டுச் சுவருக்குக் காதுக் கருவி தேவையில்லை.

காப்புக் கட்டும் நாள் பின்னேரம் அம்மா கோயிலிலிருந்து வந்தார். ஈரத் தலை, நெற்றியில் குங்குமம், கையில் புது நூல். நான் சாமிப் படத்துக்கு முன்னால் இருந்து வலது கையை நீட்டினேன். அவர் நூலை வைத்துக்கொண்டு என் கையைப் பார்த்தார்.

“அந்தக் கையை எடு” என்றார்.

“ஏனம்மா?”

அம்மா சாமிப் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் மூன்று தரம் போட்டுக்கொண்டார். பிறகு எனக்கு முன்னால் நிலத்தில் குந்தினார்.

“காலை நீட்டு” என்றார்.